தாய் கட்டிய வீடு, மகன் எடுத்த படம்

கிழக்கின் கலைமுகங்கள்: பாலு மகேந்திரா (முதற்பகுதி)

கல்முனையிலிருந்து வடக்கே மருதமுனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு. நகரை ஒட்டியே இருக்கிறது அமிர்தகழி. மாமாங்கேசுவரர் கோயிலால் பேர்பெற்ற அந்த ஊரில் 1939 மே 20ஆம் திகதி பிறந்தவர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். இந்தியத் திரையுலகம் அவரைப் பாலு மகேந்திராவாக அறியும்.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி மாணவனாகச் சுற்றுலா போனபோதுதான் சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது. கித்துல்கலையில் களனி ஆற்றங்கரையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். ஒரு மனிதன் சொல்லி மழை பெய்வதைக் கண்ட பையன், தானும் இயக்குநராவதென்று அன்றே தீர்மானித்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தார். அந்த வேலையை விட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப்பதக்கத்துடன் வெளியே வந்தார். 'செம்மீன்' தந்த ராமு காரியத் தமது 'நெல்லு' படத்தின் கமராவை இந்தப் புதியவரிடம் ஒப்படைத்தார். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கி, ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் பெற்றார். 1978இல் இயக்குநர் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' அவர் ஒளிப்பதிவில் வந்தது. 1979இல் தமிழில் முதலில் இயக்கிய 'அழியாத கோலங்கள்' அவருடைய பிள்ளைப்பருவ நினைவுகளில் இருந்து பிறந்தது. 1982இல் 'மூன்றாம் பிறை' வந்தது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்கு மீண்டும் ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன.

இத்தனைக்கும் மேலாக நம் கரையோர மக்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு. அது 1988இல் வெளிவந்த 'வீடு'.

அந்தப் படத்தின் வேர் அமிர்தகழியில் இருக்கிறது. சிரித்து விளையாடிய தாய், வீடு கட்டத் தொடங்கியபின் சிடுசிடுப்பும் கவலையுமாக மாறிப்போனதைச் சிறுவயதில் பார்த்ததாகவும், அந்த நினைவே 'வீடு' ஆனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

கதை நடப்பது சென்னையில். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதும், சுதா என்ற உத்தியோகப் பெண் தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்த வீடு கட்ட இறங்குகிறாள். காணியில் ஒரு துண்டை விற்கிறாள், கடன் வாங்குகிறாள். சீமெந்தைக் களவாடும் கொந்தராத்துக்காரனோடு மல்லுக்கு நிற்கிறாள். பாட்டு ஒன்றுகூட இல்லை. அத்திவாரம், சுவர் என்று வீடு உயர உயரச் சுதாவின் முகம் வாடிக்கொண்டே போகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்த வேடம் தேசிய விருதைத் தந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்கே.

சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியே வருகிறார். பூசாத சுவரைக் கையால் தடவுகிறார். ஒவ்வோர் அறையாய் நுழைந்து பார்க்கிறார். யாரும் பேசுவதில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆயுட்கால ஆசை முழுவதையும் அந்தக் கை சொல்லிவிடுகிறது. திரும்பும் வழியில் அவர் உயிர் பிரிகிறது. கடைசியில், அந்தக் காணி குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்ற செய்தி சுதாவை வந்தடைகிறது.

கிழக்கில் வீடு பெண்ணுடையது. தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுகிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். மகள் பிறந்த நாளிலிருந்தே கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு சேர்க்கும் உம்மாமார் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் தெருவுக்குத் தெரு உண்டு. வீட்டுவேலை ஒரு தாயை என்ன பாடு படுத்தும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

படத்தின் முடிவையும் இந்தக் கரை நேரடியாக அனுபவித்தது. 2004 டிசம்பர் 26இன் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் தங்கள் வளவில் மீண்டும் கட்டப் போனபோது, வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது, பிறகுதான் தளர்த்தியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் எழுந்த 500 வீடுகளோ வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. உறுதி கையில் இருந்தும் உரிமை கைநழுவிய சுதாமார் இங்கே எத்தனை பேர்!

பாலு மகேந்திரா நம் வாவியையும் வயலையும் படமாக்கவில்லையே என்ற ஆதங்கம் நம்மவரிடம் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. ஒரு மட்டக்களப்புத் தாயின் தவிப்பை அவர் உலகறியச் செய்திருக்கிறார். நம்மூர் இளைஞர்கள் இன்று கைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு 'வீடு' சொல்லித்தரும் பாடம் தெளிவானது: கதை தேடி வெளியே அலைய வேண்டாம். உங்கள் உம்மா எதற்காகச் சிரிப்பை இழந்தார் என்று கேளுங்கள்; பதில் கிடைத்ததும் எழுதத் தொடங்குங்கள்.

(அடுத்த வாரம்: சினிமா பட்டறையும் 'தலைமுறைகளும்')