பதிவேடு திறந்துவிட்ட கதவு

குழந்தைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், அவர்களுக்குப் புரியும்படி சுற்றிக்காட்டும் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், குழந்தைகள்மேல் உண்டான பரிவால் வந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். இங்கிலாந்தின் வரலாறு அவ்வளவு இனிப்பானதல்ல. அங்கே பரிவைவிடப் பள்ளி வருகைப் பதிவேட்டுக்கே இதில் பங்கு அதிகம் என்பது என் கட்சி. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த கல்வி விதிகளின்படி, தொடக்கப் பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம் பிள்ளைகளின் வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்தது. வகுப்பை வெளியே கூட்டிப்போனால் அந்த நேரம் வருகையில் சேராது. சேராவிட்டால் மானியத்துக்கு ஆபத்து. ஆசிரியர் எத்தனை ஆர்வலராக இருந்தால்தான் என்ன?

இந்த முடிச்சை அவிழ்க்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் தாமஸ் ஹார்ஸ்ஃபால். மான்செஸ்டரில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆன்கோட்ஸ் பகுதியில் 1886இல் கலை அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். படங்களோடு எளிய விளக்கங்களை எழுதிவைத்தார்; பள்ளிகளுக்குப் படங்களை இரவலாகவும் அனுப்பினார். அவர் விடாமல் கேட்டது ஒன்றுதான்: பள்ளி நேரத்தில் அருங்காட்சியகத்தில் கழியும் பொழுதையும் வருகையாகக் கணக்கில் எடுங்கள். 1895ஆம் ஆண்டு விதிகளில் அது இடம்பெற்றது. 1851 பெருங்கண்காட்சிக்கே பள்ளிப் பிள்ளைகள் போகவில்லையா என்று மறுக்கலாம். போனார்கள், ஆனால் அது ஒருநாள் திருவிழா. பாடத்தோடு இணைந்து மீண்டும் மீண்டும் போய்வருவது வேறு சங்கதி.

கதவு திறந்தாயிற்று, உள்ளே எடுத்துச்சொல்ல ஆள்? பிரிட்டிஷ் மியூசியம் 1911இல் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியது, அதுவும் சூட்லி பிரபு பத்திரிகை வழியாக நெருக்கிய பிறகு. அந்தச் சுற்றுகள் பெரியவர்களை எண்ணி அமைந்தவை. குழந்தைகளுக்கான ஆளைக் கொண்டுவந்தது முதல் உலகப்போர். மான்செஸ்டரில் பள்ளிக் கட்டடங்கள் ராணுவ மருத்துவமனைகளாக மாறவே, இடமிழந்த வகுப்புகளை அருங்காட்சியகத்திலும் கலைக்கூடங்களிலும் நடத்த நேர்ந்தது. கல்விக் குழுவே அதற்கு ஆசிரியர்களை அனுப்பியது. போர் முடிந்தும் ஏற்பாடு தொடர்ந்தது. காட்சிப்பொருளை அறிந்தவரைவிடக் குழந்தையை அறிந்தவரே அங்கு தேவைப்பட்டார் என்பது இதற்குள் தெளிந்திருந்தது.

போரும் பதிவேடும் இல்லாமலே அமெரிக்காவில் 1899இல் புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகம் தோன்றவில்லையா? இந்த ஆட்சேபத்துக்கு வலு உண்டு. பரிவுக்கு அங்கே உரிய பங்கு இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அது குழந்தைகளுக்கென்றே புதிதாக எழுந்த இடம். பெரியவர்களுக்கென்று அமைந்த பழைய கூடங்களை மாற்றுவதுதான் கடினம், அதற்குப் பணமும் சட்டமும் நெருக்கடியும் வேண்டியிருந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குழந்தைகள் மையம் தொடங்கியது 1948இல்தான். அதை நடத்திய ஜாக்குலின் பால்மர் ஓர் ஆசிரியை.