லென்ஸ் கழுவும் நீருக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது கான்டாக்ட் லென்ஸ் அணிகிறார்கள் என்றால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

என் பேத்திக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கி வரும் நோய். மூக்குக்கண்ணாடியால் சரியாகாத அவள் பார்வை, ஆர்ஜிபி என்கிற விறைப்பான சின்ன லென்ஸைப் போட்டதும் தெளிந்துவிட்டது. மேடுபள்ளமான கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பிச் சமன் செய்துவிடுகிறது. லென்ஸோடு வந்த சொல்யூஷன் போன மாதம் தீர்ந்தது. கடைக்குப் போனோம். அங்கிருந்த தம்பி ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "எல்லா லென்ஸுக்கும் இதுதான் சார்" என்றார். திருப்பிப் பார்த்தால் மென்மையான லென்ஸுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது. வாங்காமல் வந்துவிட்டோம்.

வழியில் பேத்தி கேட்டாள்: "எல்லாமே உப்புத் தண்ணிதானே தாத்தா, இதுல என்ன வித்தியாசம்?"

முப்பத்துநான்கு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தேன். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

1888-இல் சூரிச் நகரில் வேலை பார்த்த ஃபிக் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், கண்ணாடியால் செய்த லென்ஸைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் முயல்களுக்கு, பிறகு தனக்கே, அதன் பிறகு சிலருக்கு அணிவித்துப் பார்த்தார். கண்ணின் வெண்பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ் அது. கண்ணுக்கும் அதற்கும் நடுவில் அவர் ஊற்றியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல். லென்ஸ் பிறந்த நாளிலேயே 'எந்த நீரை ஊற்றுவது' என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. அந்தக் கண்ணாடி லென்ஸ்களைச் சில மணி நேரத்துக்கு மேல் போட முடியாது. கண் சிவக்கும், விளக்கைச் சுற்றிப் புகை மூட்டம் தெரியும்.

காரணம் ஆக்ஸிஜன். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இதில் ஒரு வேடிக்கை. ஒரு பொருள் இன்னொன்றின் ஊடே எப்படிப் பரவுகிறது என்பதற்கு 1855-இல் விதி வகுத்தவர் பெயரும் ஃபிக்தான். நம் கண் மருத்துவருக்குச் சித்தப்பா முறை. ஒரு லென்ஸ் வழியே ஆக்ஸிஜன் எவ்வளவு போகும் என்று இன்றைக்கும் அந்த விதியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அந்தப் பிளாஸ்டிக் ஆக்ஸிஜனைத் துளிகூட விடாது. கண் இமைக்கும்போது உள்ளே போய்வரும் கண்ணீரை நம்பித்தான் அது ஓடியது. ஆனால் பராமரிப்பு சுலபம். வழவழப்பான பரப்பு, எதையும் உறிஞ்சாது. இரவில் காய்ந்த டப்பியில் போட்டுவைத்தவர்கள் உண்டு. வாயில் வைத்து எச்சிலால் நனைத்துப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

1970-களின் இறுதியில் அதே பிளாஸ்டிக்கோடு சிலிக்கோனைச் சேர்த்தார்கள். ஆக்ஸிஜன் உள்ளே போனது. அதுதான் ஆர்ஜிபி. ஆனால் சிலிக்கோனுக்கு ஒரு குணம். தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். கண்ணீரில் கொழுப்பும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. அதனால் இந்த லென்ஸின் சொல்யூஷன் மூன்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது: பிசுக்கை எடுக்க வேண்டும், கிருமியைக் கொல்ல வேண்டும், கண்ணீர் படியும்படி பரப்பை நனைத்துக் கொடுக்க வேண்டும். கையில் ஊற்றினால் கொஞ்சம் கொழகொழப்பாக இருப்பது இந்த மூன்றாவது வேலைக்காகத்தான்.

மென்மையான லென்ஸ் வேறு சாதி. பஞ்சு போல நீரை உறிஞ்சும், நீரில் உள்ள மருந்தையும் சேர்த்து உறிஞ்சும். ஆர்ஜிபி சொல்யூஷனில் அதை ஊறவைத்தால் அந்த மருந்து நாள் முழுக்கக் கண்ணில் கசியும். மாறாக, மென்லென்ஸ் சொல்யூஷனில் ஆர்ஜிபியைப் போட்டால் பிசுக்கு சரியாகப் போகாது, பரப்பும் சரியாக நனையாது. லென்ஸ் மங்கும், கண் உறுத்தும். பேத்தியின் கேள்விக்குப் பாதி பதில் இது.

மறுபாதி கொஞ்சம் துயரமானது.

1980-களின் நடுவில் அமெரிக்காவில் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி பலருடைய கருவிழியைத் தாக்கியது. விசாரித்ததில், பெரும்பாலானவர்கள் உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வீட்டிலேயே உப்பு நீர் செய்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்பு இல்லைதான். ஆனால் பாட்டிலைத் திறந்து வைத்த பிறகு கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. இந்த உயிரி கெட்டியான கூடு கட்டிக்கொண்டு குளோரின் கலந்த குழாய் நீரிலும் பிழைத்திருக்கும். கண்ணுக்குள் போய்விட்டால் தாங்க முடியாத வலி, மாதக்கணக்கில் வைத்தியம், சிலருக்குப் பார்வையே போய்விடும். ஆர்ஜிபியைக் குழாய் நீரில் அலசலாம் என்று ஒரு காலத்தில் வல்லுநர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது, எந்தத் தண்ணீரும் படக்கூடாது என்கிறார்கள்.

2006-இல் இன்னொன்று நடந்தது. சிங்கப்பூர், ஹாங்காங், பிறகு அமெரிக்கா என்று ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மென்லென்ஸ் அணிபவர்களின் கண்ணைப் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. 'ரெனு வித் மாய்ஸ்சர்லாக்' என்ற சொல்யூஷனோடு தொடர்பு தெரியவர, அந்த ஆண்டு மே மாதம் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. சீல் உடைக்காத பாட்டில்களில் பூஞ்சை இல்லை. பயன்பாட்டில்தான் அதன் கிருமிக்கொல்லும் திறன் குறைந்துபோயிருந்தது. டப்பியில் உள்ள பழைய நீரைக் கொட்டாமல் அதன் மேலேயே ஊற்றும் பழக்கமும் ஆபத்தைக் கூட்டியது.

பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேருடைய கண் இருக்கிறது. நாம் அதைப் படிக்காமல் விலையை மட்டும் பார்க்கிறோம்.

சரி, எதை வாங்குவது? நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

ஒன்று, ஆர்ஜிபி லென்ஸுக்கு என்று பாட்டிலில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு, லென்ஸின் மேல் பூச்சு உண்டா என்று லென்ஸ் கொடுத்தவரிடம் கேளுங்கள். பூச்சு இருந்தால், நுண்துகள் கலந்த தேய்ப்புத் திரவம் அதைச் சுரண்டிவிடும்.

மூன்று, ஒரே பாட்டிலா, இரண்டு பாட்டிலா? பிசுக்கு அதிகம் படிகிறவர்களுக்குத் தனியாகச் சுத்தம் செய்யும் திரவம் உள்ள இரண்டு பாட்டில் முறை நல்லது. அந்தத் திரவம் கண்ணில் படக்கூடாது, நன்றாக அலசிவிட வேண்டும். ஒரே பாட்டில் சுலபம். ஆனால் எதுவானாலும் விரலால் தேய்க்காமல் விடக்கூடாது.

நான்கு, சொல்யூஷனில் உள்ள மருந்து ஒத்துக்கொள்ளாமல் கண் சிவக்கிறவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு முறை இருக்கிறது. அதற்கென்று வரும் தனி டப்பியில், சாதாரணமாக ஆறு மணி நேரம் வைத்தால், அது நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும். அவசரப்பட்டு நேராகக் கண்ணில் போட்டால் எரித்துவிடும்.

இதில் எது நம் கண்ணுக்கு என்று முடிவு செய்ய வேண்டியவர் லென்ஸ் பொருத்தியவர். கடைக்காரரும் இல்லை, இந்தத் தாத்தாவும் இல்லை.

நம் வீடுகளுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸில் படக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு லென்ஸைத் தொடுங்கள். டப்பியில் உள்ள நீரைத் தினமும் கொட்டுங்கள். டப்பியைக் கவிழ்த்து உலரவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது டப்பி. கண் வலித்தால், சிவந்தால், வெளிச்சம் கூசினால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். கிருமி எது என்று கண்டுபிடிக்க உதவும்.

மறுநாள் லென்ஸ் பொருத்தியவரிடமே போய்க் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கினோம். கடைக்காரத் தம்பி காட்டியதைவிட விலை கூடத்தான். பேத்தி வீட்டுக்கு வந்ததும் பேனா எடுத்துப் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதிவைத்தாள். நான் சொல்லவில்லை. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு அவளாகவே செய்தாள்.