தச்சுக்கருவிகளில் எஞ்சிய எழுத்துகள்

1753ஆம் ஆண்டில், அன்று பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த மாசச்சூசெட்சின் ரெந்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளி செய்யும் தச்சர் காலமானார். அவருடைய உயில், சீசர் செலோர் என்ற கறுப்பின அடிமைக்கு விடுதலையோடு சிறிது நிலத்தையும் தொழிற்கருவிகளையும் வழங்கியது. 1784இல் இறக்கும்வரை செலோர் ரெந்தமிலேயே வாழ்ந்து, தம் பெயரில் இழைப்புளிகள் செய்தார். வட அமெரிக்காவில் பெயர் அறியப்பட்ட முதல் கறுப்பின இழைப்புளித் தச்சர் அவரே எனக் கருதப்படுகிறது.

அவருடைய இழைப்புளிகளின் முன்முகத்தில் மூன்று வரி முத்திரை ஒன்று பதிந்திருக்கும். ‘செலோர், வசிப்பது ரெந்தமில்’ என்பது அதன் பொருள். இத்தொடரமைப்பு செலோருடைய கண்டுபிடிப்பு அன்று. நிக்கல்சனின் முத்திரையிலும் அதே தொடர் உண்டு. ஆயினும் உரிமையாளர் கையில் வெறும் வணிக முகவரியாக இருந்த தொடர், விடுதலை பெற்றவர் கையில் வேறொரு கனத்தைப் பெறுகிறது. மனிதர்களை உடைமைப் பட்டியலில் பொருளாக எழுதிய ஒரு சமூகத்தில், அவ்வாறு எழுதப்படத்தக்கவராக இருந்த ஒருவர் இங்கே எழுவாயாக நிற்கிறார். ‘வசித்தல்’ அவருடைய வினையாகிறது. செலோர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன கூற்று இது.

இக்கூற்று மரத்தில் மிகச் சிறிய ஆழத்திலேயே பதிந்துள்ளது. பழைய கருவியைப் புதிதாக்க விரும்பும் ஒருவர் உப்புத்தாளால் சில நிமிடம் தேய்த்தால் போதும்; பழுப்பு நிறத்தோடு பெயரும் போய்விடும்.

இழைப்புளியின் வரலாறு பெருமளவு இத்தகைய முத்திரைகளால் எழுதப்பட்டது. 1700 முதலான பிரித்தானிய இழைப்புளித் தச்சர்களைப் பற்றி டபிள்யூ. எல். குட்மன் 1968இல் வெளியிட்ட நூல், கருவிகளில் எஞ்சிய பெயர்களையும் பழைய ஆவணங்களையும் ஒப்பிட்டு உருவானது. தச்சருடைய பெயருக்கு அருகில், கருவியை வாங்கிப் பயன்படுத்தியவர்களின் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தப்பட்டிருப்பதுண்டு. ஒரு கருவி எத்தனை கை மாறியது என்பதற்கு அவையே சான்று. மாறாக, இங்கிலாந்தின் ராச்செஸ்டர் அருங்காட்சியகத்திலுள்ள பெஞ்சமின் சீட்டனின் கருவிப்பெட்டி அரிதான விதிவிலக்கு. 1796இல் வாங்கப்பட்ட அக்கருவிகள் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டன. கைப்பட எழுதிய பட்டியலும் உடன் எஞ்சியது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பதை அறிய, ஆய்வாளர்கள் அப்பெட்டியிடமே செல்கின்றனர்.

தொழிற்சாலைக் காலத்திலும் நிலைமை வேறன்று. பிலடெல்பியாவில் 1840இல் தொடங்கிய டிஸ்டன் நிறுவனத்தின் ரம்பங்களில், கைப்பிடியின் பித்தளை வில்லையும் தகட்டில் அமிலத்தால் பொறித்த எழுத்தும் காலத்தைக் கணிக்க உதவுகின்றன. ஸ்டான்லி நிறுவனம் 1869இல் லெனர்ட் பெய்லியின் உரிமைகளை வாங்கியபின் வெளியிட்ட இரும்பு இழைப்புளிகளில், நிலக்கீல் கலந்து சூட்டில் உறையவைத்த கறுப்புப் பூச்சும் அத்தகைய சான்றே. அதன்மேல் புதுவண்ணம் பூசினால் கருவி பளபளக்கும்; முதற்பூச்சு தந்த செய்தி மறைந்துவிடும். கைப்பிடியில் ஒட்டிய மெல்லிய அடையாளச் சீட்டுகளோ பயன்பாட்டிலேயே உரிந்துபோவதால் இன்னும் அரியவை.

கருவி உழைப்பதற்கே செய்யப்பட்டது. அதைக் கண்ணாடிக்குள் பூட்டுவது தச்சரை அவமதிப்பதாகும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் இரும்பின் வெட்டுமுனையைத் தீட்டுவதால் வரலாறு அழிவதில்லை. தேய்வதற்கென்றே அமைந்த பகுதி அது. எழுத்துள்ள முகமும் பூச்சும் வேலைக்கு இடையூறாவதில்லை. அவற்றைத் தொடாமலே கருவியைப் பயன்படுத்தலாம். ரம்பத்தின் துருவை நீக்க வேண்டுமாயின், தட்டையான மரக்கட்டையில் சுற்றிய நுண்ணிய தாளால் மெதுவாகத் தேய்ப்பது வழக்கம். பள்ளத்திலுள்ள எழுத்தைத் தாள் எளிதில் எட்டாது. மங்கிய முத்திரையைத் துலக்கத் தேய்க்கவே வேண்டியதில்லை. கல்வெட்டைப் படிப்பதுபோல் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் எழுத்து நிழலில் எழுந்து நிற்கும்.

ரெந்தமின் செலோரை இன்று அறிய முடிவதற்கு, உயிலைக் காத்த ஆவணக்காப்பாளர்களோடு, அழுக்கேறிய இழைப்புளியைத் தேய்க்காமல் விட்ட பெயரறியாத தச்சர்களும் காரணம்.