அழுங்காமை

(பெயர்ச்சொல்) பவளப்பாறைகளை ஒட்டி வாழும் கடலாமை வகை. மன்னார் வளைகுடாவில் காணப்படுவது.

அழுங்கு + ஆமை = அழுங்காமை. நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, ஆகாரம் ஏறிப் புணர்ந்தது. அழுங்கு என்பது எறும்புதின்னி. உடலில் செதில் போர்த்திய பாலூட்டி. இந்த ஆமையின் முதுகோட்டிலும் ஒரு தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின்மேல் ஏறிக் கிடக்கும். பெயர்க்காரணம் அதுவே. தகடுள்ள மற்றக் கடலாமைகளில் அவை பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் பொருந்தியிருக்கும். முதிர்ந்த அழுங்காமையில் இந்த அடுக்கு மங்கிவிடுவதுண்டு.

1766-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட ‘இம்ப்ரிகேட்டா’ என்ற இலத்தீன் பெயரும் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியது என்றே பொருள்படும். ஆங்கிலப் பெயரோ பருந்தலகு போன்ற வாயைக் குறிக்கிறது. அந்தக் கூரிய வாயால்தான் பாறை இடுக்கிலுள்ள கடற்பஞ்சுகளைக் கொத்தித் தின்கிறது. பவளத்தை நெருக்கும் பஞ்சுகள் இதனால் மட்டுப்படுகின்றன.

பெயர் தந்த ஓடே இதற்கு எமனானது. சீப்புக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கும் நகைப்பெட்டிக்குமாக உலகெங்கும் வேட்டையாடப்பட்டு, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் அழுங்கு, அழுங்காமை இரண்டுமே உள்ளன.

வலையில் சிக்கிச் சோர்ந்த ஆமையை மல்லாத்தக் கூடாது. வயிறு கீழாக நிழலில் கிடத்தி, பின்புறத்தைச் சற்று உயர்த்தி, ஓட்டின்மேல் ஈரத்துணி போர்த்த வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து மூச்சுத் தெளிந்தபின் கடலில் விடலாம். இந்தச் சொல் அகராதியில் மட்டும் எஞ்சிவிடக் கூடாது. அதற்கு ஒவ்வொரு படகிலும் இந்தப் பொறுமை வேண்டும்.