விக்கிரகமும் கம்பெனியாரும்

பைபிளின் பத்துக் கட்டளைகளில் விக்கிரகம் செய்யாதே, வணங்காதே என்பதும் அடங்கும் (யாத்திராகமம் 20). இதைப் படித்து வளர்ந்த ஆங்கிலேயர்கள்தான் ஒரு காலத்தில் காஞ்சிபுரம் கோயில்களை நிர்வகித்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

1790களில் செங்கல்பட்டுச் சீமைக்கு கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். கோயில் வரவு செலவை அரசே கவனிக்க வேண்டும் என்றார். கோயில் ஒழுங்காக நடந்தால் மக்களுக்கு கம்பெனி மேல் நம்பிக்கை வரும் என்பது அவர் போட்ட கணக்கு. பக்தி அல்ல, நிர்வாகம்! வரதராஜப் பெருமாளுக்கு ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி ஆரமும் இங்கே பிரபலம்.

ஆனால் பாதிரிமார்களும் சில அதிகாரிகளும் இதை ஏற்கவில்லை. கும்பிடாவிட்டாலும், திருவிழாவுக்கு கிறிஸ்தவச் சிப்பாய் மரியாதை அணிவகுப்பு செய்தால் அது கட்டளையை மீறுவதுதானே என்று கேட்டார்கள். 1833ல் லண்டன் இயக்குநர்கள் கோயில் விஷயங்களிலிருந்து விலகச் சொன்னார்கள். சென்னை அரசு இழுத்தடித்தது. 1836ல் பிஷப் கோரி மூலம் போன மனுவுக்குக் கிடைத்தது கண்டனம்தான். 1838ல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் பெரிக்ரின் மெய்ட்லண்ட் பதவியையே ராஜினாமா செய்தார்.

கடைசியில் 1863ஆம் ஆண்டின் 20வது சட்டம் கோயில் நிர்வாகத்தை கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. அதிகாரிகளின் மனசாட்சி தப்பியது. கோயில் சொத்தைக் கேட்க ஆளில்லை என்ற புகார்கள் கிளம்பின. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த அறநிலையச் சட்டம் அரசை மறுபடி கோயிலுக்குள் அழைத்து வந்தது. இன்றைய அறநிலையத்துறை விவாதங்களுக்குப் பின்னால் ஒரு பைபிள் கட்டளையும் இருக்கிறது என்பது விசித்திரம்தான்!