இலவம்பஞ்சின் மேல் விழுந்த பழி

வராக நதிப் பாசனத்தில் நெல் விளையும் ஜெயமங்கலத்திலும் அதைச் சூழ்ந்த பெரியகுளம் வட்டாரத்துக் கிராமங்களிலும், நள்ளிரவில் ஒரு குழந்தை மூச்சு இரைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களின் சந்தேகம் அன்று அது தின்ற பண்டத்தின் மீதும், படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையின் மீதுமே முதலில் சென்று விழுகிறது. வருசநாட்டு மலைச்சரிவுகளிலும் போடிநாயக்கனூர் மலைகளிலும் இலவமரங்கள் கோடையில் நெற்று முதிர்ந்து வெடிப்பதையும், விதை நீக்கும் கொட்டகைகளில் பஞ்சு புகைபோல் எழுவதையும் கண்ணாரக் கண்டவர்களுக்கு அச்சந்தேகம் தோன்றுவது இயல்பே. ஆயினும் இப்பழியைச் சுமத்தியவர்கள் நம் பாட்டிமார் மட்டுமல்லர். மேல்நாட்டு வைத்திய சாஸ்திரமும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இதே பஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்த சரித்திரம் உண்டு.

ஒவ்வாமை பற்றிய நவீன ஞானம் குழந்தைகளின் படுக்கையருகில்தான் பிறந்தது. தொண்டை அடைப்பான் நோய் கண்ட குழந்தைகளுக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசி மூலம் செலுத்திய காலத்தில், உயிர் பிழைத்த சிலருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வருவதை வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கேயும் அவருடைய சகா பேலா ஷிக்கும் கவனித்து, 1905இல் நூலாக எழுதினர். நோயைத் தடுக்கும் சரீர சக்தியே சில சமயம் நோயை விளைவிக்கவும் கூடும் என்ற இந்த விபரீதத்துக்கு, 1906இல் பிர்க்கே 'அலர்ஜி' என்று பெயரிட்டார்.

காரணத்தைத் தேடும் படலம் பிறகே தொடங்கிற்று. நியூயார்க்கின் ராபர்ட் குக் 1922இல் வீட்டுத் தூசியை ஆஸ்துமாவின் முக்கிய ஹேதுவாக எடுத்துக்காட்டினார். ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் ஸ்டார்ம் ஃபான் லீயுவென் என்ற பேராசிரியர், நோயாளிகள் ஆல்ப்ஸ் மலைமேல் சென்றால் சுகமடைவதையும், ஊர் திரும்பினால் மீண்டும் இரைப்பதையும் கண்டு, தூசியற்ற காற்று மட்டுமே புகும் அறைகளை நிர்மாணித்து அவர்களை அவற்றில் வைத்துப் பார்த்தார். ஜாவாத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக இலவம்பஞ்சை இறக்குமதி செய்து மெத்தையடைத்துக்கொண்டிருந்த நாடு ஹாலந்து. ஆகவே பஞ்சின் மீது கண் விழுந்ததில் வியப்பில்லை. (மலைக்காற்று என்றதும் தலைக்கு மேலுள்ள கொடைக்கானலை நினைக்கும் வாசகர், ஆல்ப்ஸ் மலையின் குணம் அதன் வறட்சியில் இருந்தது என்பதையும், கொடைக்கானலோ மூடுபனியில் நனையும் ஊர் என்பதையும் மறக்கலாகாது.)

இவ்வழக்கில் முதல் திருப்பம் 1937இல் நேர்ந்தது. அமெரிக்காவில் வாக்னர், ராக்கெமன் என்ற இருவர், புதிய பஞ்சையன்றி, நாள்பட்டுப் பூஞ்சை பிடித்த பஞ்சையே கவனிக்க வேண்டும் என்று எழுதினர். இரண்டாம் திருப்பம் பழைய லெய்டன் நகரிலேயே நிகழ்ந்தது: 1964இல் ஃபூர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் அவர்களுடைய சகாக்களும் வீட்டுத் தூசியில் வாழும் ஒரு சிற்றுண்ணியே குற்றவாளி என்று காட்டினர். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவேயுள்ள இப்பிராணி, நம் உடலினின்று உதிரும் தோற்செதிளைத் தின்று, மெத்தையின் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் பெருகுகிறது. அதன் எச்சத் துகளே குழந்தையின் மூச்சுக் குழலைச் சீண்டுகிறது. ஈராண்டு கழித்து இஷிஸாகா தம்பதியர், இச்சீண்டலை நடத்தும் 'ஐ.ஜி.இ.' என்ற எதிர்ப்புப் பொருளையும் கண்டறிந்தனர்.

ஆக, கோடையில் வாங்கிய புதுப் பஞ்சு, வெண்மையும் மினுமினுப்புமாய் விரலில் வழுக்கும் பஞ்சு, நிரபராதி. பதினைந்து ஆண்டு ஒரே உறைக்குள் கிடந்து, பழுப்பேறி, தட்டினால் தையல் வழியே பொடி கசியும் மெத்தைதான் விசாரணைக்குரியது. அதைத் தூக்கியெறிந்து ஸ்பாஞ்சு மெத்தை வாங்கினால் தீர்ந்தது என்று எண்ணுவதும் பேதைமையே. நியூசிலாந்தில் 1996இல் வெளியான ஓர் ஆய்வில், இறகுத் தலையணையைவிட பாலியெஸ்டர்த் தலையணையில்தான் உண்ணியின் துகள் அதிகம் இருந்தது.

உண்ணியை அறிந்ததனால் மட்டும் நோய் அடங்கிவிடவில்லை. மெத்தைக்கு உறை மாட்டுவது ஒன்றே போதுமா என்று பெரியவர்களிடம் சோதித்த ஆய்வுகள் 2003இல் ஏமாற்றத்தையே அளித்தன. ஆனால் அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் 7 நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் உறை, துப்புரவு, புகை விலக்கல், கரப்பான்பூச்சி ஒழிப்பு ஆகியவற்றை ஒருசேரச் செய்தபோது அவர்களுடைய ஆஸ்துமா கணிசமாகத் தணிந்தது. நம் ஊருக்கு இது சொல்வது தெளிவு: சாரலும் ஐப்பசி மழையும் ஓய்ந்ததும் படுக்கையை முழு வெயிலில் காயப்போடுதல், உறைகளை வாரந்தோறும் கொதிநீரில் துவைத்தல், குழந்தை உறங்கும் அறையில் பீடிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் நுழையாமல் காத்தல் ஆகிய எல்லாம் ஒருங்கே நடைபெற வேண்டும்.

உணவின் மீதுள்ள பழியோ இன்னும் பழையது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கிவைக்கும் நம் வழக்கத்துக்கு மேல்நாட்டிலும் ஓர் உடன்பிறப்பு இருந்தது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், அபாயமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை நிலக்கடலை கூடாதென 2000இல் விதித்து, 2008இல் அவ்விதியைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வோ, கைக்குழந்தைப் பருவம் முதலே கடலை உணவு பெற்றவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கும், விலக்கப்பட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கும் கடலை ஒவ்வாமை வந்ததைக் காட்டிற்று. முழுக் கடலை கைக்குழந்தைக்குப் புரையேறும். கரப்பான் உள்ள குழந்தைக்கு அரைத்துக் கொடுப்பதும் வைத்தியரைக் கேட்ட பின்னரே. எனினும், ஆதாரமின்றி ஒவ்வொரு பண்டமாக நிறுத்திக் குழந்தையை மெலியவிடுவது வைத்தியமாகாது என்பது என் துணிபு.

உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் காணலாம். சளி என்று அலட்சியம் செய்யாமல் அவர்களை வைத்தியரிடம் காட்டுக. அவர் உறிஞ்சு மருந்து எழுதிக்கொடுத்தால், அது பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்தாதீர்கள். நுரையீரலுக்கு நேரே செல்லும் அம்மருந்தின் அளவு மிகச் சிறிது. விலா உள்வாங்க, உதடு நீலம் பாரித்து, பேச்சு வராமல் குழந்தை திணறினால், மெத்தையையும் பண்டத்தையும் பற்றிய விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டு, உடனே 108ஐ அழையுங்கள்.