டேவிஸ் ஏரியும் இருமுறை இட்ட நஞ்சும்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில், போர்ட்டோலா என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள டேவிஸ் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மாநில நீர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக 1960களில் ஓடையொன்றை மறித்துக் கட்டிய அணையால் உருவான நீர்த்தேக்கம் அது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 84,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவே ஏக்கர் அடி எனப்படுகிறது. அங்கே விடப்பட்ட டிரவுட் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிக்க வருவோரை நம்பியே சுற்றுவட்டாரத்து விடுதிகளும் கடைகளும் நடந்தன. போர்ட்டோலாவின் குடிநீரும் அந்த ஏரியிலிருந்தே வந்தது.

1994இல் அந்நீரில் நார்தர்ன் பைக் என்னும் மீன் தென்பட்டது. தமிழ்நாட்டுக் குளங்களின் விராலைப் போல நீர்த்தாவரங்களிடையே பதுங்கியிருந்து இரைமேல் பாயும் இம்மீன் கலிபோர்னியாவுக்கு உரியதன்று. அது தானே மலை கடந்து வர வழியில்லை என்பதால், பைக் பிடிப்பதில் விருப்பமுடைய எவரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது. அருகிலுள்ள ஃபிரெஞ்ச்மேன் ஏரியில் 1988இல் கண்டறியப்பட்ட பைக், 1991இல் நஞ்சிட்டு ஒழிக்கப்பட்டிருந்தது. டிரவுட் குறைவதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் மீன்துறைக்கு இருந்தது: ஃபெதர் ஆற்றின் வழியே பைக் இறங்கிச் சாக்ரமென்டோ ஆற்றையும் அதன் கழிமுகத்தையும் அடைந்துவிட்டால், முன்னரே நலிந்துபோயிருந்த சால்மன் இனங்களுக்கு அது பேரிடராகும் என்பதே அது. எனினும் அந்த அச்சம் கீழ்நாட்டுக்குரியது. அதற்கான விலையை மலையூர் கொடுக்க நேர்ந்தது என்பதை மறந்து இவ்வரலாற்றைப் படிக்க இயலாது.

டேவிஸ் ஏரியின் பைக்கை ஒழிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நஞ்சு ரோட்டினோன். வெப்பமண்டலத்து அவரைக் குடும்பச் செடிகள் சிலவற்றின் வேர்களிலிருந்து கிடைக்கும் இப்பொருளைத் தென்னமெரிக்கப் பழங்குடியினர் மீன்பிடிக்க நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். செவுள் வழியே எளிதில் உட்புகும் இது, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடுவதால், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மடிகிறது. 1997 அக்டோபரில் இது ஏரியில் கலக்கப்பட்டபோது ஊரார் கடுமையாக எதிர்த்தனர். சிலர் ஏரியின் மிதவையோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். ரோட்டினோன் வெயிலிலும் வெப்பத்திலும் விரைவாகச் சிதைவது; குளிர்ந்த நீரில் சிதைவு மந்தமாகும். இலையுதிர்காலத்து மலை நீரில் நஞ்சும், அதன் வீரியத்தைக் கூட்டச் சேர்த்த பைப்பரோனில் பியூட்டாக்சைடு போன்ற துணைப்பொருள்களும் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் தங்கியதால், போர்ட்டோலா வேறு நீராதாரங்களை நாட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மாநில அரசு ஊராருக்கு 92 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது.

இத்தனைக்கும் பின்னர் 1999 மே மாதத்தில் ஏரியில் மீண்டும் பைக் அகப்பட்டது. நஞ்சுக்குத் தப்பியவற்றின் வழித்தோன்றல்களா, யாரேனும் மறுபடி கொண்டுவந்து விட்டவையா என்ற விவாதம் தொடர, மீன்துறை இம்முறை நஞ்சை ஒதுக்கிவைத்து, வலை, மின்னதிர்ச்சி, நீரடி வெடி ஆகியவற்றைக் கையாண்டது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 65,000 பைக் மீன்கள் அகற்றப்பட்டும் அவற்றின் பெருக்கம் அடங்கவில்லை. பெண் பைக் ஒன்றே பல்லாயிரம் முட்டைகளை இடக்கூடியது என்பதால், இனப்பெருக்கத்துக்குச் சில மீன்கள் எஞ்சினாலும் போதும் என்ற எளிய கணக்கை வலையால் வெல்ல முடியவில்லை.

ஆகவே 2007இல் நஞ்சுக்கே திரும்பினர். ஆனால் முறை மாறியிருந்தது. ஊராருடன் நீண்ட கலந்தாய்வு நடந்தது, ஏரி நீர் முன்கூட்டியே வெகுவாகக் குறைக்கப்பட்டது, பழைய துணைப்பொருள் இல்லாத கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்டோபருக்குக் காத்திராமல் செப்டம்பரிலேயே, ஏரியோடு நிற்காமல் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் ஊற்றுகளிலும் நஞ்சிட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே டிரவுட் மீன்கள் மீண்டும் விடப்பட்டன. விரும்பப்பட்ட மீனும் பண்ணையில் குஞ்சு பொரிக்கப்பட்டு வண்டியேற்றிக் கொண்டுவரப்பட்டதுதான். பைக்கைக் கொண்டுவந்தவருக்கு மட்டும் உரிமம் இல்லை. அதன்பின் டேவிஸ் ஏரியில் பைக் தென்பட்டதாகப் பதிவில்லை.